வராத 11.80 லட்சத்துக்கு எந்தக் கதவைத் தட்டுவது?

கோயம்புத்தூரில் பம்ப் பாடியும் இம்பெல்லரும் வார்த்துக் கொடுக்கும் ஒரு சிறு பவுண்டரியை எடுத்துக்கொள்வோம். 10 லட்சம் ரூபாய்க்கு காஸ்டிங் போயிருக்கிறது. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து பில் 11.80 லட்சம். பேசியது 45 நாள். இப்போது ஒன்பது மாதம் ஆகிவிட்டது. முதல் ஆறு மாதம் “வர்ற சனிக்கிழமை போட்டுவிட்டர்றேனுங்க” என்று பதில் வந்தது. அதன்பின் போனே எடுப்பதில்லை. கடைசியில் இருவருக்கும் தெரிந்த ஒருவர் நடுவில் வந்து சொல்கிறார்: “ஆறு லட்சம் வாங்கிட்டுக் கணக்கை முடிச்சுக்கங்க. கோர்ட்டுக்குப் போனா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.”

இந்த ஆறு லட்சம் வாய்க்கு வந்த எண்ணாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை.

உலக வங்கியின் 2020-ஆம் ஆண்டுத் தொழில் சூழல் அறிக்கை, இந்தியாவில் ஒரு வணிக ஒப்பந்த வழக்கை முடித்துப் பணத்தைக் கையில் வாங்க 1,445 நாள் ஆகும் என்று மதிப்பிட்டது. வழக்கைத் தாக்கல் செய்து சம்மன் சேர்க்க 45 நாள், விசாரணைக்கும் தீர்ப்புக்கும் 1,095 நாள், தீர்ப்பை நிறைவேற்ற 305 நாள். செலவு, கேட்கும் தொகையில் 31 சதவீதம். ஒப்பந்தத்தை நிறைவேற்றும் வரிசையில் இந்தியாவுக்கு 163-வது இடம். சிங்கப்பூரில் அதே வேலைக்கு 164 நாள். இந்த எண்கள் டெல்லி, மும்பை வழக்கறிஞர்களைக் கேட்டுப் போட்ட மதிப்பீடுகள். வேறு சில நாடுகளின் தரவில் முறைகேடு தெரியவந்து 2021-ல் அந்த அறிக்கையே நிறுத்தப்பட்டது. ஆனாலும் கோர்ட் படியேறிய எந்தத் தொழில்முனைவோரும் இந்த நான்கு வருடத்தை மிகை என்று சொல்லமாட்டார்.

இனி பெருக்கிப் பாருங்கள். 11.80 லட்சத்தில் 31 சதவீதம் செலவு போனால் மீதி 8.14 லட்சம். அதுவும் நான்கு வருடம் கழித்து. உங்கள் கேஷ் கிரெடிட் வட்டி 11 சதவீதம் என்றால், அந்த 8.14 லட்சத்தின் இன்றைய மதிப்பு சுமார் 5.38 லட்சம். தீர்ப்பில் வட்டியும் செலவுத் தொகையும் சேர்ந்தால் இது கொஞ்சம் ஏறும். நடுவில் பார்ட்டி சொத்தை மாற்றிவிட்டால் பூஜ்யமாகும். ஆக, ஆறு லட்சம் என்று சொன்னவர் நீதிமன்றத்தின் வேகத்தைத்தான் ரூபாயில் சொல்லியிருக்கிறார். பேரம் அநியாயம்தான், ஆனால் கணக்கில் பிழை இல்லை.

சட்டத்தின் ஆட்சிக்கும் பொருளாதாரத்துக்கும் உள்ள உறவை ஜிடிபி வரைபடத்தில் தேடுவதைவிட ஒரு பவுண்டரியின் ரேட் ஷீட்டில் பார்ப்பது எளிது. ஒரே காஸ்டிங்குக்கு கேஷ் ரேட் 100 ரூபாய், 90 நாள் ரேட் 105 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 11 சதவீத வட்டியில் 90 நாள் பணத்தின் விலை 2.71 ரூபாய்தான். மிச்சம் 2.29 ரூபாய் பயத்தின் விலை. ஐம்பது பார்ட்டியில் ஒருவர் ஏமாற்றினாலும் மற்ற நாற்பத்தொன்பது பேர் அதைக் கட்டுகிறார்கள். நிகர லாபம் 5 சதவீதம் உள்ள பட்டறைக்கு 11.80 லட்சம் போனால், அந்த ஓட்டையை அடைக்க 2.36 கோடிக்கு மறுபடி விற்க வேண்டும். கட்டிய ஜிஎஸ்டியும் திரும்பாது. வராக்கடன் என்று எழுதினாலும் விற்றவர் கட்டிய வரியைத் திருப்பித் தர ஜிஎஸ்டி சட்டத்தில் வழி கிடையாது.

பயம் விலையோடு நிற்பதில்லை. தெரிந்தவர், சொந்தக்காரர், ஒரே ஊர்க்காரர் தவிர யாருக்கும் கடன் கொடுக்காத பழக்கம் வருகிறது. பம்ப் கம்பெனி வெளியே வாங்க வேண்டிய காஸ்டிங்குக்குத் தானே பவுண்டரி போடுகிறது. பவுண்டரி, வெளியே கொடுக்க வேண்டிய மெஷினிங்குக்குத் தானே லேத் வாங்கிப் போடுகிறது. வழக்குகள் தேங்கிய மாநிலங்களில், ஒருவருக்கென்றே செய்யும் பாகங்களை வெளியே வாங்குவதைத் தொழிற்சாலைகள் குறைத்துக்கொள்கின்றன என்பதை இந்தியத் தரவை வைத்தே பொருளியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். எதிர்த்திசையிலும் சான்று உண்டு. 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த கடன் மீட்புத் தீர்ப்பாயங்களை ஆராய்ந்த சுஜாதா விசாரியா, அவை வந்தபின் தவணை தவறுவது 28 சதவீதம் குறைந்ததையும், பெரிய கடன்களுக்கான வட்டி 1.4 முதல் 2 சதவீதப் புள்ளி வரை இறங்கியதையும் கண்டார். வங்கிக்கு அந்தத் தீர்ப்பாயம் கிடைத்தது. பவுண்டரிக்கு என்ன இருக்கிறது?

நான்கைந்து கதவுகள் இருக்கின்றன. எந்தச் சட்டம் கடுமையானது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் அதிகம். அப்படிப் பார்க்கக்கூடாது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தக் கதவைத் தட்டினால் அந்த 5.38 லட்சம் எவ்வளவுக்கு ஏறும்?

கவுன்சில்

குறு, சிறு, நடுத்தரத் தொழில் (எம்எஸ்எம்இ) மேம்பாட்டுச் சட்டம், 2006-ன் 20-வது பிரிவின்படி அமைந்த வசதியாக்க மன்றத்தைத் தொழிற்பேட்டைகளில் கவுன்சில் என்றே சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் இருக்கிறது. மனுவை ஆன்லைனில் போடலாம். வாங்கியவர் இந்தியாவில் எங்கே இருந்தாலும், விற்றவர் இருக்கும் ஊரின் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. லூதியானா பார்ட்டிக்காக லூதியானா போகத் தேவையில்லை.

இதன் பலம் வட்டியில் இருக்கிறது. எழுத்தில் எத்தனை நாள் கடன் பேசியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் செல்லாது. எழுத்தில் எதுவுமே பேசாவிட்டால் 15 நாள். அதைத் தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. 2023 பிப்ரவரி முதல் 2025 பிப்ரவரி வரை வங்கி விகிதம் 6.75 சதவீதமாக இருந்தது. மூன்று மடங்கு 20.25. அந்த இரண்டு வருடம் நிலுவையில் இருந்த 11.80 லட்சம் 17.63 லட்சமாகியிருக்கும். 2025 டிசம்பர் குறைப்புக்குப் பின் விகிதம் 5.50, மூன்று மடங்கு 16.5. அப்போதும் வழக்கமான கேஷ் கிரெடிட்டைவிடக் கசப்பான வட்டி இது. வாங்கியவர் இந்த வட்டியை வருமான வரியில் செலவாகக் காட்டவும் முடியாது.

அடுத்த பலம் 19-வது பிரிவு. கவுன்சிலின் தீர்ப்பை எதிர்த்துப் போக வேண்டுமானால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். 17.63 லட்சத்துக்கு 13.22 லட்சம். நீதிமன்றம் இதைத் தவணையில் கட்ட விடலாம், வேண்டாம் என்று விடாது. இழுத்தடிப்பதால் கிடைக்கும் லாபம் இங்கே அறுபடுகிறது. நான் பார்த்தவரை சிறு தொழிலுக்கென்று எழுதிய சட்டங்களில் இதைவிடக் கூர்மையான பிரிவு இல்லை.

பிறகு ஏன் எல்லோரும் பணம் வாங்கிவிடவில்லை? முதல் காரணம் உத்யம் பதிவு, அதாவது அரசிடம் குறு, சிறு, நடுத்தரத் தொழிலாகப் பதிவு செய்துகொள்வது. பாக்கி விழுந்தபிறகு பதிவு எடுத்து ஓடுகிறார்கள். ஒப்பந்தம் போட்ட நாளிலேயே பதிவு இருந்திருக்க வேண்டும் என்று 2021-ல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வேறொரு அமர்வு அதை மாற்றிப் பார்த்து, விஷயத்தைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. அந்தச் சண்டையில் உங்கள் பில் மாட்டாமல் இருக்க வேண்டுமென்றால் முதல் பில்லுக்கு முன்பே பதிவு வேண்டும். நடுத்தரத் தொழிலுக்கு இந்தக் கதவு கிடையாது. 2025 ஏப்ரல் 1 முதல் உள்ள வரம்பில் முதலீடு 25 கோடிக்குள்ளும் விற்றுமுதல் 100 கோடிக்குள்ளும் இருந்தால்தான் சிறு தொழில். வாங்கி விற்கும் வியாபாரிகள் உத்யம் எண் வைத்திருந்தாலும் அது வங்கியின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும்தான். கவுன்சிலில் அதைக் காட்ட முடியாது.

இரண்டாவது, வரிசை. சட்டத்தில் 90 நாள் என்று இருக்கிறது. கவுன்சில் உறுப்பினர்கள் வேறு வேலை பார்ப்பவர்கள். அமர்வுக்கு அமர்வு இடைவெளி விழுகிறது. 90 நாளை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

மூன்றாவது, நடைமுறைப் பிழை. இதில்தான் வென்ற வழக்குகள் கவிழ்கின்றன. கவுன்சில் முதலில் சமரசம் பேச வேண்டும். அது முடியாமல் போனால்தான் நடுவர் விசாரணை. இரண்டும் தனித்தனிக் கட்டம். பதில் சொல்ல வரவில்லை என்பதற்காகச் சமரச நாளிலேயே பணத்தைக் கட்டு என்று போட்ட உத்தரவு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் ஜார்க்கண்ட் மின் நிறுவன வழக்கில் 2021-ல் சொல்லிவிட்டது. ஆகவே சமரசம் தோற்றது என்று ஒரு வரி எழுத்துப்பூர்வமாகப் பதிவாக வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். அதன்பின் கோரிக்கை மனு, எதிர்மனு, ஆவணக் குறியீடு எல்லாம் முறையாக நடக்க வேண்டும். சமரசம் பேசியவர்களே நடுவராக உட்காரலாமா, 75 சதவீதம் கட்டாமல் நேரே உயர் நீதிமன்றத்துக்கு ரிட் போகலாமா என்ற இரண்டு கேள்விகளையும் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் வழக்கில் 2025 ஜனவரியில் ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எதிராளியின் வக்கீல் அதையெல்லாம் படித்திருப்பார்.

செக் ரிட்டர்ன்

கையில் செக் இருந்து அது திரும்பியிருந்தால் கதையே வேறு. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு குற்றவியல் வழக்கு. இரண்டு வருடம் வரை சிறை, செக் தொகையைப்போல் இரண்டு மடங்கு வரை அபராதம். செக் கடனுக்காகவே கொடுத்தது என்று சட்டம் முதலிலேயே எடுத்துக்கொள்கிறது. இல்லை என்று காட்ட வேண்டியது கொடுத்தவர் பொறுப்பு. உங்கள் கணக்கு இருக்கும் வங்கிக் கிளையின் எல்லைக்குள்ளேயே வழக்குப் போடலாம். கம்பெனியின் பெயரோடு, அன்றாட நிர்வாகம் பார்த்த டைரக்டர்களையும் சேர்க்கலாம். பலருக்குத் தூக்கம் கலைவது இங்கேதான்.

ஆனால் இந்தக் கதவு நாள் கணக்கில் மூடிவிடும். செக்கை அதிலுள்ள தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் போட வேண்டும். ரிட்டர்ன் மெமோ ஜூன் 3-ல் கைக்கு வந்தால் ஜூலை 3-க்குள் நோட்டீஸ் போக வேண்டும். ஜூலை 10-ல் அவர் வாங்கினால் 15 நாள், அதாவது ஜூலை 25 வரை அவருக்கு அவகாசம். அதற்கு முன் வழக்குப் போட்டால் அது நாள் வருமுன் போட்ட வழக்கு, நிற்காது. அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கலாக வேண்டும். ஆகஸ்ட் 25-ஐக் கடைசி நாளாக வைத்துக்கொள்ளுங்கள். “இன்னும் ஒரு வாரம் பொறுங்க” என்று கேட்பவருக்கு இந்தத் தேதிகள் நன்றாகத் தெரியும்.

நோட்டீஸில் கேட்கும் தொகை செக்கில் உள்ள தொகையாகவே இருக்க வேண்டும். தட்டச்சில் எண் மாறிப்போனாலும் நோட்டீஸ் செல்லாது என்று 2025 செப்டம்பரில்கூட உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்னது. வட்டியும் வக்கீல் கட்டணமும் கேட்பதானால் தனி வரியில், தனித் தொகையாகக் கேளுங்கள். அதேபோல் இன்னொரு குழி: 11.80 லட்சத்துக்குச் செக் கொடுத்துவிட்டு இடையில் 3 லட்சம் என்இஎப்டி போட்டிருப்பார். பழைய செக்கை முழுத் தொகைக்கே வங்கியில் போட்டால், அது திரும்பினாலும் 138 பாயாது என்பது 2022 தீர்ப்பு. வந்த 3 லட்சத்தைச் செக்கின் மேலேயே குறித்துவிட்டுப் போட வேண்டும், இல்லையென்றால் 8.80 லட்சத்துக்குப் புதுச் செக் வாங்க வேண்டும்.

வழக்கு நடக்கும்போதே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடாகக் கேட்க 2018 திருத்தம் வழி செய்தது. 2.36 லட்சம். அது கட்டாயம் இல்லை, நீதிபதியின் முடிவு என்று 2024-ல் தெளிவாகிவிட்டது. ஆனாலும் மனுப் போடாமல் விடாதீர்கள். ஆறு மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 2019 முடிவில் நாட்டில் தேங்கிய 2.31 கோடி குற்றவியல் வழக்குகளில் 35 லட்சத்துக்கு மேல் செக் வழக்குகள்தான் என்பது உச்ச நீதிமன்றம் தானாக எடுத்த வழக்கில் வந்த கணக்கு. ஆறு மாதம் எங்கே போனது என்று அதைப் பார்த்தால் தெரியும்.

ஒரு விஷயத்தில் இந்தக் கதவு கவுன்சிலோடு சண்டையிடாது. செக் வழக்கு குற்றவியல், கவுன்சில் மனு உரிமையியல். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடலாம்.

வணிக நீதிமன்றம்

உத்யம் இல்லை, செக்கும் இல்லை என்றால் இதுதான் மிச்சம். 2018 முதல் 3 லட்சத்துக்கு மேற்பட்ட வணிகத் தகராறுகள் வணிக நீதிமன்றத்துக்குப் போகும். போவதற்கு முன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக மத்தியஸ்தம் கட்டாயம். அவசர இடைக்கால உத்தரவு கேட்கும் வழக்குக்கு மட்டும் விலக்கு. இதைத் தாண்டி நேரே வழக்குப் போட்டால் மனுவே நிராகரிக்கப்படும் என்று 2022 ஆகஸ்டில் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் தீர்ப்பு வந்தது. மத்தியஸ்தத்துக்கு மூன்று மாதம், இருவரும் ஒப்பினால் மேலும் இரண்டு மாதம். எதிராளி வரவே இல்லையென்றால் தோல்வி அறிக்கை சீக்கிரம் கிடைத்துவிடும். வந்து உட்கார்ந்து “பார்க்கலாம்” என்பவர்தான் மாதத்தைத் தின்பவர்.

தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் 2017-ல் 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது நல்ல விஷயம், 11.80 லட்சத்துக்கு 35,400 ரூபாய். வழக்கை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 37-வது கட்டளையின் கீழ் சுருக்க வழக்காகப் போடச் சொல்லுங்கள். சம்மன் கிடைத்த 10 நாளில் எதிராளி ஆஜர் சொல்ல வேண்டும். பிறகு வழக்காட அனுமதி கேட்டு, தன்னிடம் உண்மையான எதிர்வாதம் இருப்பதைக் காட்ட வேண்டும். சந்தேகமான எதிர்வாதம் என்றால் பணத்தைக் கட்டிவிட்டு வழக்காடு என்று நீதிபதி சொல்லலாம். சாதாரண வழக்காகப் போனாலும் பதில் மனுவுக்கு 120 நாள்தான் உச்ச வரம்பு. 121-ஆம் நாள் அந்த உரிமை போய்விடும். பழைய சிவில் கோர்ட் வாய்தாவோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம். ஆனால் கவுன்சிலின் மூன்று மடங்கு வட்டியும் 75 சதவீதக் கட்டாயமும் இங்கே இல்லை. அதனால் 5.38 என்ற எண் ஏறினாலும் மெல்லத்தான் ஏறும்.

திவால் சட்டம் பற்றி ஒரே வார்த்தை: விட்டுவிடுங்கள். 2020 மார்ச் 24 முதல் குறைந்தபட்ச பாக்கி 1 கோடி. பார்ட்டி தனிநபர் உரிமையாளர் நிறுவனமாக இருந்தால் இந்த வழியே பொருந்தாது. 1 கோடிக்கு மேல் இருந்தாலும், நோட்டீஸுக்கு முன்பே தரத்தைப் பற்றி ஒரு புகார் மெயில் இருந்தால் மனு விழுந்துவிடும். அதையும் தாண்டி மனு ஏற்கப்பட்டால் வங்கிகள் முன்னே, சரக்குக் கொடுத்தவர் வெகு பின்னே. மிரட்ட உதவும், வசூலுக்கு உதவாது.

கோர்ட் இல்லாத வழிகள்

வாங்குபவர் பெரிய கம்பெனி என்றால் ட்ரெட்ஸ் தளம் இவை எல்லாவற்றையும்விட மேல். ஆண்டு விற்றுமுதல் 250 கோடிக்கு மேலுள்ள கம்பெனிகளும் மத்திய அரசு நிறுவனங்களும் 2025 மார்ச் 31-க்குள் இதில் சேர வேண்டும் என்பது உத்தரவு. பில்லை ஏற்றுகிறீர்கள், வாங்கியவர் ஆன்லைனில் ஒப்புக்கொள்கிறார், வங்கிகள் வட்டி கேட்டு ஏலம் போடுகின்றன, பிடித்ததை எடுத்தால் பணம் கணக்கில். பிறகு அவர் கட்டாவிட்டாலும் வங்கி உங்களிடம் திரும்ப வராது. வட்டியும் வாங்குபவரின் தரத்தை வைத்துத்தான். ஒரே ஓட்டை, சேர வேண்டும் என்பதுதான் கட்டாயம். உங்கள் பில்லை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது கட்டாயமில்லை. பர்ச்சேஸ் ஆர்டர் பேசும்போதே இதை எழுதி வாங்கினால்தான் உண்டு.

வரிச் சட்டத்தில் இரண்டு நெம்புகோல்கள் இருக்கின்றன. வக்கீல் நோட்டீஸைவிட ஆடிட்டர் வழியாக இவை சீக்கிரம் வேலை செய்யும். ஒன்று, பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராதவர், அந்தப் பில்லுக்கு எடுத்த ஜிஎஸ்டி வரவை வட்டியோடு திருப்ப வேண்டும். நம் கணக்கில் 1.80 லட்சம். அவர் எடுத்த அந்த 1.80 லட்சத்தை நீங்கள் அடுத்த மாதமே கணக்குக் காட்டிக் கட்டியிருப்பீர்கள் என்பது தனி வயிற்றெரிச்சல். இன்னொன்று, 1961 வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று வந்த விதி. 2024–25 மதிப்பீட்டு ஆண்டு முதல், குறு, சிறு உற்பத்தியாளருக்கு 15 அல்லது 45 நாளைத் தாண்டி வைத்த பாக்கியை, கொடுத்த வருடத்தில்தான் செலவாகக் காட்ட முடியும். மார்ச் 31-ல் பாக்கி நின்றால் அவர் 10 லட்சத்துக்குக் கூடுதலாக வரி கட்ட வேண்டும். மார்ச் முதல் வாரத்தில் உத்யம் சான்றிதழ் நகலோடு அவருடைய கணக்குப் பிரிவுக்கு ஒரு மெயில் போடுங்கள். இதற்குப் பயந்து ஆர்டரையே சிறு தொழிலிடமிருந்து மாற்றிவிடும் பார்ட்டிகளும் உண்டு என்பதையும் மனதில் வையுங்கள்.

எதற்குப் போனாலும் தேவைப்படும் காகிதம்

காஸ்டிங் தொழிலில் எதிர்வாதம் எப்போதும் ஒன்றுதான்: ப்ளோ ஹோல். வார்ப்புக்குள் காற்றுக் குமிழ் இருந்தால் மேலே தெரியாது. லேத்தில் ஏற்றி இரண்டு மில்லிமீட்டர் சீவியபின்தான் கண்ணில் படும். மெய்யாகவே அப்படி வரும். நோட்டீஸ் போனபிறகு, ஆறு மாதத்துக்கு முந்தைய தேதியிட்டு ஒரு டெபிட் நோட்டும் வரும். எம்எஸ்எம்இ சட்டப்படி சரக்கு இறங்கிய 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். ஆகவே இறங்கிய நாளை நிரூபிக்கும் காகிதம்தான் உங்கள் வழக்கு: சீலும் கையெழுத்தும் உள்ள டெலிவரி சலான், ஈ-வே பில், லாரி ரசீது. 16-ஆம் நாள் “சரக்கில் குறையேதும் தெரிவிக்கப்படவில்லை, பில் தொகை இந்தத் தேதியில் வர வேண்டும்” என்று இரண்டு வரி மெயில் போடும் பழக்கம் வைத்தால், பின்தேதி டெபிட் நோட்டுக்கு மதிப்பில்லை. உண்மையான குறையென்றால் அந்தப் பீஸ்களைத் திருப்பி எடுத்து கிரெடிட் நோட் போட்டுவிடுங்கள். 40,000 ரூபாய்க் குறையை மறுத்தால் 11.80 லட்சமும் தகராறாகிவிடும்.

வழக்குப் போடக் காலக்கெடு மூன்று வருடம். ஒவ்வொரு ஏப்ரலிலும் லெட்ஜர் நகல் அனுப்பி சீல் வைத்து வாங்கிவிட்டால், அந்தக் கையெழுத்து நாளிலிருந்து மூன்று வருடம் புதிதாக ஓடும். மூன்று வருடம் முடிவதற்குள் வாங்கியிருக்க வேண்டும், முடிந்தபின் வாங்கியது இதற்கு உதவாது. வாட்ஸ்அப்பில் “தர்றேன்” என்று சொன்னதும் ஆவணம்தான். அதற்குப் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-வது பிரிவுச் சான்று வேண்டும்; போனை மாற்றும்போது பழையதை விற்றுவிடாதீர்கள்.

கடைசிப் படி

கவுன்சில் தீர்ப்போ வணிக நீதிமன்றத் தீர்ப்போ, பணமாக மாறுவது நிறைவேற்று மனுவில்தான். நம் ஊரில் சட்டம் உண்மையில் மூச்சு வாங்குவதும் அங்கேதான். 1980-களில் தொடங்கித் தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு நில வழக்கில், 2025 மார்ச்சில், நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் உத்தரவானது. அக்டோபரில் வந்த கணக்கு: நாடு முழுவதும் 8.82 லட்சம் மனுக்கள் நிலுவை, தமிழ்நாட்டில் மட்டும் 86 ஆயிரம். ஜெயித்தவர்களின் வரிசை அது.

அதனால் எந்தக் கதவைத் தட்டுவது என்ற முடிவுக்கு முன், பார்ட்டியிடம் எடுக்க என்ன இருக்கிறது என்று பாருங்கள். அவர் இதுவரை போட்ட என்இஎப்டி விவரத்தில், செக் நகலில் அவருடைய வங்கிக் கணக்கு எண் இருக்கும். நிறைவேற்று மனுவில் முதலில் முடக்கக் கேட்பது அதைத்தான். கம்பெனி என்றால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் சிறு கட்டணத்துக்கு அடமானப் பதிவுகளைப் பார்க்கலாம். மெஷினும் ஸ்டாக்கும் கட்டிடமும் ஏற்கனவே வங்கியிடம் ஈடாக இருந்தால் தீர்ப்பு வாங்கியவருக்கு மிச்சம்தான். அப்படிப்பட்ட பார்ட்டியின் டைரக்டர் கொடுத்த செக் உங்களிடம் இருந்தால் 138 முதல் கதவு; அதுவும் இல்லையென்றால் ஆறு லட்சத்தை ஏழாக்கிப் பேசி வாங்கிக்கொள்வதில் வெட்கம் இல்லை. சொத்து சுத்தமாக இருந்து, உங்களிடம் உத்யமும் சலானும் இருந்தால் கவுன்சில். காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் வட்டி உங்கள் பக்கம் ஏறும். நடுவர் தீர்ப்பைச் சொத்து இருக்கும் ஊர் நீதிமன்றத்திலேயே நேராக நிறைவேற்றக் கேட்கலாம், இன்னொரு கோர்ட்டிலிருந்து மாற்றி வாங்க வேண்டியதில்லை என்பது 2018-ன் சுந்தரம் பைனான்ஸ் தீர்ப்பு.

கவுன்சிலில் மனுப் போட்டதும் பெரும்பாலும் நடப்பது ஒன்று. வட்டிக் கணக்கை அவருடைய ஆடிட்டர் பார்த்துவிட்டு, நடுவில் பேசியவர் திரும்ப வருவார். இந்த முறை ஒன்பதோ பத்தோ சொல்வார். வாங்கலாம். ஆனால் டீக்கடையில் வைத்துக் கைகுலுக்கி மனுவை வாபஸ் வாங்காதீர்கள். சமரசத்தைக் கவுன்சில் முன்னிலையிலேயே எழுத்தாக்கி இருவரும் கையெழுத்திட வேண்டும்: எத்தனை தவணை, எந்தத் தேதி, ஒவ்வொன்றுக்கும் செக் எண். ஒரு தவணை தவறினாலும் விட்டுக்கொடுத்த வட்டி உட்பட முழுத் தொகையும் அன்றே பாக்கியாகும் என்ற வரி அதில் இருக்கட்டும். அவர் பேரம் பேசப்போவது அந்த வரியில்தான்.